அழகுக்குப் போட்ட கிரகணம்

போன வாரம், என்னைப் போலவே கோள் வரையும் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். திறந்து பார்த்தேன். செவ்வாய்க் கோள், அதைச் சுற்றி வெல்லப்பாகு ஊற்றினாற்போலத் தடியாக ஒரு காற்றுப் படலம். செவ்வாயில் காற்று இருப்பதே ஒப்புக்குத்தான். கீழே, "கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன் மேடம். பாக்க நல்லா இருக்குல்ல? யாருக்குத் தெரியப் போகுது?" என்று எழுதி, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

நான் பதில் போடவில்லை. உடனே போட்டிருந்தால் அது நாகரிகமாக இருந்திருக்காது. "யாருக்குத் தெரியப் போகுது" என்ற பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எரியும். வேலையை விட்டு வந்தவளுக்கு இன்னும் என்ன கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன கோபம் என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் படியுங்கள், அவரும் படிக்கட்டும்.

நான் கடைசியாக வேலை பார்த்தது இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி குடோன் ஒன்றின் மாடியில். சூரியக் குடும்பத்தைப் பிரவுசரிலேயே சுற்றிப் பார்க்கும்படி ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். எதையும் போனில் இறக்கி வைக்கத் தேவையில்லை. லிங்க்கைத் தொட்டால் போதும், வியாழன் வந்து எதிரே நிற்கும். பல பள்ளிக்கூடங்கள் அதை வைத்துப் பாடம் நடத்தின. கோள்களுக்குக் காற்று பூசுவது என் பொறுப்பு. சூரிய வெளிச்சம் காற்றுக்குள் நுழைந்து, சிதறி, எந்த நிறமாக நம் கண்ணுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டு வரைகிற வேலை. அந்தக் கணக்கை இங்கே விளக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அலுவலகத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்பது அவர் கார்தான். ஆனால் ஸ்கிரீனில் பளபளப்பைக் கண்டுவிட்டால் மனிதருக்கு வேறெதுவும் தெரியாது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒன்று பிடித்துப்போனால் "பாகுந்தி, பாகுந்தி" என்று கைதட்டுவார். நன்றாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகவே எங்கள் பையன்கள் எதையும் ஒரு சுற்று கூட்டிப் போடப் பழகிவிட்டார்கள்.

பூமியின் காற்றை நான் உள்ளது உள்ளபடி வரைந்து கொடுத்திருந்தேன். பூமி ஒரு மாம்பழம் என்றால், காற்று அதன் தோல் அளவுக்குக்கூட வராது. ஸ்கிரீனில் பார்த்தால் விளிம்பில் ஒரு நீலக் கீற்று, அவ்வளவுதான். முதலாளி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன மேடம், பூமி மொட்டையா நிக்குது? சுத்தி நீலமா ஒரு ஒளிவட்டம் வரட்டும்."

"காத்து அம்புட்டுத்தான் சார் இருக்கு."

"இருக்கட்டும். நாம கொஞ்சம் கூட்டிக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

கூட்டினார்கள். காற்றின் உயரத்துக்கென்று புரோகிராமில் ஓர் எண் உண்டு. டிசைன் பார்க்கிற பையனைக் கூப்பிட்டு, அந்த எண்ணைப் பல மடங்கு ஏற்ற வைத்தார். வாழைக்காயைவிட மாவு தடித்த பஜ்ஜி போல ஆகிவிட்டது பூமி. பாகுந்தி.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த எண் வெறும் அலங்காரத்துக்கு உள்ள எண் அல்ல. பூமியின் நிழலும் அதிலிருந்துதான் வருகிறது. சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது. பூமிக்குக் காற்று இருப்பதால் அந்த நிழல் ஒரு துளி பருத்திருக்கும். இயற்கையில் ஒளிவட்டத்துக்கு ஒரு காற்று, நிழலுக்கு வேறு காற்று என்று கிடையாது. அதனால் எங்கள் புரோகிராமிலும் இரண்டுக்கும் ஒரே எண். காற்றைத் தடியாக்கினால் நிழலும் தடிக்கும். இதை நான் முதலாளியிடம் சொன்னேன். நிழலுக்கு உண்மையான எண்ணை விட்டுவிட்டு அலங்காரத்துக்கு வேறு எண் வைத்துக்கொள்ளுங்கள், அரை நாள் வேலை என்றேன். "ஓடுற வண்டியில எதுக்கு மேடம் கை வைக்கணும், பொறவு பாப்போம்" என்றார். மறுபடியும் சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் சங்கு ஊதின பெயராவது மிஞ்சும். எனக்கு அதுவும் மிஞ்சவில்லை, "மேடம் எப்பவும் குறை சொல்லும்" என்ற பெயர்தான் மிஞ்சியது.

அந்த வருஷம் ஒரு பௌர்ணமி வந்தது. அன்றைக்குப் பூமியின் கருநிழல் நிலவைத் தொடாமல் பக்கத்தில் விலகிப் போகும். வெளியே இருக்கிற மங்கலான புறநிழல் மட்டும் நிலவின் ஓரத்தில் படும். கண்ணால் பார்த்தால் ஓரத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரியும், உற்றுப் பார்க்காதவர்களுக்கு அதுவும் தெரியாது. நம் பஞ்சாங்கங்கள் இதைக் கிரகணமாகச் சேர்ப்பதே இல்லை. தினசரி காலண்டரிலும் போட்டிருக்கவில்லை. கோயில் நடையும் சாத்தப் போவதில்லை. ஆனால் எங்கள் இணையப் பக்கத்தில் அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால், தடித்த நிழல் நிலவை ஒரு ஓரமாகக் கடித்து வைத்திருந்தது. கன்னங்கரேல் என்று, செம்பு நிற விளிம்போடு, பார்க்க அவ்வளவு நன்றாக.

சில நாள் முன்னாலேயே நான் இதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் ஓடினேன். அவர் பயந்துபோவார் என்று நினைத்தேன். மனிதர் குதூகலித்தார்.

"வேற எவன் பக்கத்துலயும் இது இல்ல, பாத்தீங்களா? அவனவன் வெறும் நிலாவைக் காட்டிட்டு உக்காந்திருக்கான். நம்மகிட்ட மட்டும்தான் கிரகணம் இருக்கு!"

இல்லாத ஒன்று நம்மிடம் மட்டும் இருக்கிறது என்றால் அது நம் பிழை என்றுதானே அர்த்தம்? அவர் அதைச் சரக்கு என்று நினைத்தார். ஒரு சின்ன வீடியோ தயார் செய்து, "இந்தப் பௌர்ணமியில் கிரகணத்தை உங்கள் போனிலேயே காணுங்கள்" என்று போட்டு, எல்லோரும் தத்தம் குடும்ப குரூப்பில் அனுப்ப வேண்டும் என்றார். நான் விடாமல் சண்டை போட்டதில், "கலை நோக்கில் மிகைப்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்தார்கள். பக்கத்தின் அடியில், வெளிறிய சாம்பல் நிறத்தில். எறும்புக்குக் கண்ணாடி மாட்டினாலும் அது தெரியாது.

எங்களோடு மாரீஸ்வரன் என்று ஒரு பையன் வேலை பார்த்தான். பக்கத்தை விதவிதமான போன்களில் திறந்து சோதிப்பது அவன் வேலை. அவன் மனைவி கௌசல்யா நிறைமாதம், மகாராஜபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். தலைப் பிரசவம். மாரீஸ்வரனும் முதலாளி சொன்னபடி லிங்க்கையும் வீடியோவையும் மாமியார் வீட்டு குரூப்பில் அனுப்பினான். மருமகன் கம்பெனி செய்தது என்று அங்கே எல்லோருக்கும் பெருமை.

பௌர்ணமி அன்று மாலை அலுவலகத்தில் விருந்தாளிகள். மதுரைப் பக்கம் பல பள்ளிக்கூடங்களை நடத்துகிறவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை கட்டி, நிலா எழும்பும் நேரத்திலிருந்து எங்கள் கிரகணத்தை ஓடவிட்டிருந்தோம். அன்று காலையில் மாரீஸ்வரன் லீவு கேட்டிருக்கிறான். நிகழ்ச்சி முடிந்ததும் போ என்று சொல்லிவிட்டார்கள்.

இருட்டத் தொடங்கியபோது அவனுக்குப் போன் வந்தது. அவன் முகத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே மாடிப்படிக்குப் போனேன். போனை ஸ்பீக்கரில் போட்டான். பேசினது மாமியார். மத்தியானத்திலிருந்தே வலியாம். பனிக்குடம் உடைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் 108க்குச் சொல்லி வண்டியும் வந்து தெருமுனையில் நிற்கிறதாம்.

"பொறவென்ன அத்தை, ஏத்த வேண்டியதுதான?"

"கிரகணம் விடட்டும் மாப்ள. செத்த நேரம்தான். இப்பப் புள்ளத்தாச்சி வெளிய கால் வச்சா புள்ளைக்கு ஒதடு பிளந்து போகும். எங்க அக்கா மகனுக்கு அப்படித்தான ஆச்சு."

"இன்னைக்குக் கிரகணமே இல்ல அத்தை. காலண்டரைப் பாருங்க."

"காலண்டரையும் பாத்தேன். அதுல போடல. அச்சடிச்சவன் விட்டிருப்பான். கம்ப்யூட்டர் விடுமா? குரூப்புல நீங்கதான அனுப்புனிய? இந்தா, இப்பவும் போன்ல ஓடுதே."

பின்னால் கௌசல்யாவின் குரல் கேட்டது. "அம்மா, தண்ணி பச்சையா வருதும்மா." அதற்கு அந்த அம்மா, "ஏட்டி, அசையாமப் படு, இந்தா விட்டுரும்" என்றார்.

நான் இரண்டு பெற்றவள். பச்சையாக வந்தால் என்ன என்று எனக்குத் தெரியும். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது, அதை விழுங்கினால் மூச்சுக்கு ஆபத்து. எங்கள் பக்கத்தின் கணக்குப்படி அந்தப் பொய் நிழல் நிலவை விட்டு விலகப் பத்து மணிக்கு மேல் ஆகும். மாரீஸ்வரனை நான் படியில் தள்ளாத குறையாக அனுப்பினேன். "நீ வண்டியை எடு. இங்க நான் பாத்துக்கிடுதேன்." அவன் பைக் சத்தம் தென்காசி ரோட்டில் மறையும்போது நான் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணை மாற்ற வேண்டும், மாற்றினதை உடனே வெளியே அனுப்ப வேண்டும். முதலாளி பின்னால் வந்து நின்று, என் கீபோர்டின் மேல் கையை வைத்துக் காதோடு பேசினார்.

"மேடம், இப்ப வேண்டாம். அவங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க. போனதும் மாத்திக்கலாம்."

"மாரீஸ் பொண்டாட்டிக்கு வலி வந்துருச்சு சார். நம்ம கிரகணத்தைப் பாத்துட்டு வீட்டை விட்டு விடமாட்டேங்காக."

"போன்ல சொன்னாப் போதாதா? இதுக்குப் போயி..."

இதுக்குப் போயி. அந்த இரண்டு சொல்லை நான் மறக்கமாட்டேன். அவரும் அதைச் சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கையை என் கீபோர்டின் மேலிருந்து எடுக்கவில்லை. நான்தான் எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன்.

டிசைன் பையன் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னான். "மேடம், நிழலையே எடுத்துட்டு முழு நிலாவை ஒட்டிருவோமா? அப்ப அவுகளுக்குச் சந்தேகமே வராது." நான் திட்டிவிட்டேன். பாவம், அவன்மேல் காட்ட வேண்டிய கோபம் இல்லை அது. வானத்தில் நிலவின் ஓரம் உண்மையிலேயே லேசாக மங்கியிருக்கிறது. அந்த அம்மா தப்பித்தவறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வானத்தில் புகை படிந்தும் எங்கள் பக்கத்தில் பளிச்சென்றும் இருந்தால், அதற்குப் பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். பொய்யால் வந்த ஆபத்தில் கைக்கு முதலில் கிடைப்பது இன்னொரு பொய்தான், எப்போதும். அதை எடுக்காதீர்கள். காற்றுக்கு உண்மையான எண்ணைப் போட்டேன், பக்கத்தை அனுப்பினேன். சுவரில் கருப்புக் கடி மறைந்து, ஓரம் மங்கின சாதாரண நிலவு வந்தது. "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று விருந்தாளி ஒருவர் கேட்டார்.

கௌசல்யா போனுக்குக் கூப்பிட்டேன். அவள் அம்மா எடுத்தார். நான் இன்னார், மாரீஸ்வரனோடு வேலை பார்ப்பவள், பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள் என்றேன்.

"தொறந்துட்டேன். அப்படியேதான் கடிச்ச மாதிரி இருக்கு."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கிராமத்தில் சிக்னல் சரியாக இருக்காது என்று, ஒரு தடவை திறந்தால் போனிலேயே ஒரு நகல் தங்கும்படி நாங்கள்தான் செய்து வைத்திருந்தோம். நான் இங்கே திருத்தினது அவர் கையில் இருந்த போனுக்குப் போய்ச் சேரவில்லை. வீடியோவோ எத்தனை குரூப் தாண்டியிருந்ததோ, அதைத் திருப்பிக் கூப்பிட எவனாலும் முடியாது.

"அப்ப வாசலுக்கு வந்து நெலாவைப் பாருங்கம்மா. முழுசா இருக்கு."

"கிரகணத்தைப் பாக்கச் சொல்லுதியளே, நீங்களும் பொம்பளதான? பக்கத்து வீட்டுக்காரி தாம்பாளத்துல உலக்கையை நிறுத்திப் பாத்தா, நிக்கல, விழுந்துட்டு. அது அவ கைப்பக்குவம். உங்க படத்துலதான் தெளிவா இருக்கே."

கேட்டீர்களா? கிரகணத்தின்போது உலக்கை தானாக நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. காலண்டர் இல்லை என்றது. உலக்கை இல்லை என்றது. வானத்தில் நிலா முழுசாக நின்று இல்லை என்றது. ஆம் என்று சொன்னது விஞ்ஞானம் படித்த நாங்கள் மட்டும்தான், அந்த அம்மா எங்களைத்தான் நம்பினார். அவரை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல எவனாவது வாயைத் திறந்தால் அவனை நான் சும்மா விடமாட்டேன். காலண்டரைப் புரட்டினார், உலக்கையை நிறுத்தச் சொன்னார், அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

"நாங்க போட்டது தப்பும்மா" என்றேன். "படத்தைச் செய்யிற ஆள்தான் பேசுறேன். அது தப்பு."

"நீங்க வேலை பாக்கிறவிய. உங்க மொதலாளி சொல்லட்டும், கேக்கேன்."

முதலாளியிடம் போனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் எட்டி ஸ்பீக்கரை அழுத்தினேன். விருந்தாளிகள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

"அம்மா, அது வந்து... டெக்னிக்கலா பாத்தா..."

"அதெல்லாம் எனக்கு வெளங்காது. இன்னைக்குக் கிரகணம் உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் விருந்தாளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனில் கௌசல்யா முனகுவது கேட்டது. அந்த முனகல் கேட்டிருக்காவிட்டால் அவர் இன்னும் எவ்வளவு நேரம் எடுத்திருப்பாரோ தெரியாது.

"இல்லம்மா."

"அப்ப இந்தப் படம்?"

"பாக்க நல்லா இருக்கணும்னு... கொஞ்சம் கூட்டிப் போட்டது."

"அழகுக்கா கிரகணம் போடுவாக?" என்றார். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டார். அடுத்து தாழ்ப்பாள் இழுக்கிற சத்தம். "ஏட்டி, எந்திரி." பிறகு பக்கத்தில் யாரிடமோ, "வண்டிக்காரங்களை உள்ள வரச் சொல்லு." போன் அப்படியே கிடந்தது, காலடிகள் ஓடுவது மட்டும் கேட்டது.

கிருஷ்ணன்கோவில் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மாரீஸ்வரனைத் திருப்பி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முதலாளி தன் காரை எனக்குக் கொடுத்தார். அவர் வரவில்லை, விருந்தாளிகள் இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கௌசல்யாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்து, "இவ்வளவு நேரம் வீட்டுல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கடுமையாகக் கேட்டார்.

"கிரகணம்னு நெனச்சோம் தாயி" என்றார் மாமியார்.

"இன்னைக்கு ஏதும்மா கிரகணம்?"

அந்த அம்மா மருமகனைப் பார்த்தார். மருமகன் என்னைப் பார்த்தான். நான் யாரைப் பார்ப்பது?

ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். அழுக்கு நீரை விழுங்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழாய் மாட்டினார்கள். பிழைக்குமா என்று சொல்லவே டாக்டர்கள் யோசித்த நாட்கள் இருந்தன. மாரீஸ்வரன் அந்தக் கண்ணாடி வாசலிலேயே கிடந்தான். "லிங்க்கை அனுப்புனது நாந்தான் மேடம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். யாருடைய பாவத்தை யார் சுமக்கிறது! அனுப்பச் சொன்னவர் பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், அவர் நன்றாகத்தான் தூங்கியிருப்பார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இப்போது ஓட்டமாய் ஓடுகிறாள். ஆனால் பிழைத்துவிட்டாள் என்பதற்காக நாங்கள் செய்தது சரியாகிவிடாது.

அடுத்த வாரமே எண்ணை இரண்டாகப் பிரித்தேன். அலங்காரத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. நிழலுக்கான எண்ணை யாரும் தொட முடியாதபடி பூட்டினேன். முன்பு நான் சொன்ன அதே அரை நாள் வேலை. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எதைக் கூட்டினாலும் அது வேறு எங்கெல்லாம் போய்த் தைக்கிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். பார்க்க நேரமில்லை என்றால் கூட்டாதீர்கள். "மிகைப்படுத்தப்பட்டது" என்று எழுதினால் பொய்யின் முகத்திலேயே எழுதுங்கள். தப்பு என்று தெரிந்த நிமிஷத்தில், அதைச் சொல்ல வேண்டியவரையே சொல்ல வையுங்கள். நீங்கள் மட்டும் சொன்னால் எடுபடாது.

இதோடு போயிருந்தால் நான் இத்தனை வருஷம் கொதித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சில மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எங்களை அழைத்து விழா எடுத்தார்கள். முதலாளி பேசினார். நான் முன்வரிசையில் இருந்தேன். மேடை ஓரத்தில் மாரீஸ்வரன் லேப்டாப்பை இயக்கிக்கொண்டிருந்தான். திரையில் பூமி, செவ்வாய், வெள்ளி என்று வந்துபோயின. முதலாளிக்குப் பேச்சு சூடேறிவிட்டது.

"எங்க வேலை எவ்வளவு தத்ரூபம்னு ஒரு உதாரணம் சொல்றேன். நாங்க ஒரு கிரகணம் காட்டினோம். அதைப் பாத்துட்டு ஒரு வீட்டுல பிரசவ வலி வந்த பொண்ணையே வெளிய விடல! நிஜக் கிரகணம்னே நினைச்சுட்டாங்க. அவ்வளவு ரியலிஸ்டிக்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் கைதட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரும் தட்டினார். எழுந்திருக்கப் போனேன், அதற்குள் மாரீஸ்வரன் எழுந்துவிட்டான். கேள்வி கேட்பவர்களுக்கென்று வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

"சார், அந்தப் பொண்ணு எம் பொண்டாட்டி."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், மலர்ந்தது. "பாத்தீங்களா, சாட்சியே இங்க நிக்கிறார்!" என்று அவன் பக்கம் கையை நீட்டினார். கைதட்டல் இன்னும் பலமானது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். மாரீஸ்வரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான்.

"அன்னைக்கு நெலாவுல கருநெழலே விழல சார். எம் மக பொறந்தப்ப அழவே இல்ல. அதுக்கும் கை தட்டச் சொல்லுங்க."